நூற்று எண்பது மீட்டர்

அகராதி சார் என்று அலுவலகம் முழுக்கக் கூப்பிடும் அந்த மனிதருக்கு வயது ஐம்பத்திரண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் அவர் சட்டைப்பையில் கவிழ்த்துப் போட்டிருப்பார். கார்களில் பொருத்தும் ஜி.பி.எஸ். வழிகாட்டிக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனம் அது. புதுக் கருவி வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், கருவிக்கு அடியில், ஒயருக்கும் அடியில், யாரும் புரட்டிப் பார்க்காத ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, அதை எழுதுகிறவர் அவர்தான். அதிலும் கடைசி ஆறு பக்கம், 'பொதுவான சொற்கள்' என்ற பகுதி, அவருக்கு உயிர். மேலாளர் ஒருமுறை அந்த ஆறு பக்கத்தை மூன்றாகக் குறைக்கச் சொன்னதற்கு, மனிதர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் எழுதும் விளக்கங்களில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'வழிப்புள்ளி: நீங்கள் போகிற வழியில் தொட்டுவிட்டுப் போக வேண்டிய இடம்.' 'சென்றடையும் நேரம்: இது கருவியின் கணிப்பு, வாக்குறுதி அல்ல.' 'மறுகணிப்பு: நீங்கள் வழி தவறினால் கருவி கோபித்துக்கொள்ளாது. இருக்கும் இடத்திலிருந்து புது வழி சொல்லும்.' 'செயற்கைக்கோள் தொடர்பு: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய, வானத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் உங்கள் கருவிக்குத் தென்பட வேண்டும்.' எவ்வளவு தெளிவு பாருங்கள். உலகத்தில் உள்ள எதையும் இரண்டு வரியில் அடக்கிவிடுவார். சொந்த விஷயம் என்று வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சொந்த விஷயம் என்பது அவருடைய ஒரே மகள். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அவரும் மனைவியும் பிரிந்தார்கள். அடிதடி இல்லை, பாத்திரம் எதுவும் பறக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ரயில் சிநேகிதர்களைப் போல மரியாதையாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்ததும், இனி இழுத்துப் பிடித்துப் பயனில்லை என்று இருவருக்குமே தெரிந்துபோனது. மகள் அம்மாவோடு பழைய வீட்டில் இருந்தாள். அவர் ஊரின் மறுகோடியில் நான்காவது மாடியில் இரண்டு அறை எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அப்பாவின் நேரம் என்று பேசி முடித்தார்கள். அலுவலகத்தில் வியாழக்கிழமை மட்டும் மூன்று மணிக்கே கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டார்.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை காரில் போய்க்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள், "அப்பா, நீங்க ஏன் வீட்டை விட்டுப் போனீங்க?" பதினைந்து வயதுப் பெண் ஒரு வருடம் மனதுக்குள் வைத்துப் புழுங்கிக் கேட்ட கேள்வி. அதற்கு இந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரிவு என்பது தோல்வி ஆகாது, இரண்டு பேர் அவரவர் இருக்கும் இடத்திலிருந்து அவரவர் வழியை மறுகணிப்புச் செய்துகொள்வதுதான் பிரிவு என்று ஆரம்பித்தார். சொல்லி முடித்ததும் வாக்கியம் நன்றாக வந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அந்தத் திருப்திக்கு அவரை எத்தனை அடித்தாலும் தகும். மகள் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் வராதீங்கப்பா" என்றாள்.

அடுத்த வாரம். அவள் சொன்னது அவ்வளவுதான். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் அச்சகத்தோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், அந்த ஒரு வாரத்தை மூன்று வருடமாக நீட்டிக்கொண்டார். அடுத்த வாரம் சொன்னபடி போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனார், தெருமுனை வரை. அது முட்டுச் சந்து, வீடு கடைசி. முனையில் மூடிக் கிடந்த செருப்புக் கடைக்கு எதிரே, ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார். மணியை அடித்து, அவள் கதவைத் திறந்து, "ஏன் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டால்? நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ஃபோன் செய்திருக்கலாமே என்பீர்கள். ஒரு முறை செய்தார். மகளின் அம்மாவுடைய எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. பள்ளிப் படிப்பு முடியும்வரை மகளுக்குத் தனி ஃபோன் கூடாது என்பதோ அவரே போட்ட சட்டம்.

மரத்தடியிலிருந்து பார்த்தால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால், மாடி ஜன்னல் தெரியும். மகளின் அறை அது. அந்த ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு அவர் மகளின் வாழ்க்கையை முழுசாகக் கட்டி எழுப்பியிருந்தார். சாயங்காலமே விளக்கு எரிந்தால் பரீட்சை நெருங்குகிறது என்று அர்த்தம். ஜன்னல் திறந்திருந்தால் சளி விட்டுவிட்டது. மஞ்சள் திரை தொங்கிய இடத்தில் போன வருடம் நீலத் திரை வந்தது. சரி, பெண் வளர்ந்துவிட்டாள், மஞ்சள் அலுத்துவிட்டது, இப்போது நீலம்தான் பிடிக்கிறது என்று முடிவு கட்டினார். அந்தச் செய்தி தெரிந்துகொண்டதில் அவருக்கு இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினார். அளவு தெரியாததால் கடைக்காரப் பெண்ணிடம் கையால் உயரத்தைக் காட்டினார். அது பதினைந்து வயது உயரம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சட்டை பையோடு அலமாரியில் கிடந்தது.

இந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பச்சைக் கார். எப்போதோ பக்கவாட்டில் வந்த லாரி இடித்து ஒரு கதவு போய்விட, கிடைத்த கதவை வாங்கி மாட்டியிருந்தார். அந்தக் கதவு வெள்ளை. சாயம் அடிக்க வேண்டும், அடிக்க வேண்டும் என்று சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. ஊரில் அந்தக் காருக்கு ஜோடி கிடையாது. அதில் உட்கார்ந்துகொண்டு, மரத்து நிழலில் தன்னை யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போதைய வம்பு ஆறு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. நிறுவனம் ஒரு புது மாடல் கருவியைச் சோதித்துப் பார்க்க அவருக்குக் கொடுத்தது. அவர் அதைக் காரில் பொருத்திக்கொண்டு எல்லா இடத்துக்கும் போனார். எல்லா இடம் என்றால் அலுவலகம், அடுத்த தெரு மளிகைக் கடை. நடந்து போகும் தூரத்துக்கும் காரை எடுத்தார். காரணம் கேட்டால் சோதனை என்பார். உண்மைக் காரணம், வீட்டு வாசலில் வந்து நின்றதும் அந்தக் கருவிக்குள்ளிருக்கும் பெண் குரல், "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். அவர் வந்ததைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டில் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் இஸ்திரி போட்ட துணி உட்கார்ந்திருக்கும். வாக்கியம் அவரே எழுதிக் கொடுத்ததுதான் என்றாலும், இன்னொரு தொண்டையிலிருந்து கேட்பதற்கு நன்றாக இருந்தது.

புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கருவித் திரையின் படம் ஒன்று போடுவது வழக்கம். 'வந்த தடம்' என்ற சொல்லுக்கும் படம் வேண்டியிருந்தது. கார் போகிற வழியெல்லாம் கருவி விடாமல் குறித்துக்கொண்டே வரும். அந்தக் குறிப்பு வரைபடத்தின் மேல் ஒரு கோடாக விழும். அதுதான் வந்த தடம். அழகான கோடாக வரட்டும் என்று அகராதி சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டுப் போய் ஏரியைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். அந்தக் கோப்பைக் கருவியிலிருந்து எடுத்து, பக்கங்களை வடிவமைக்கும் பெண்ணிடம் கொடுத்தார். கோப்பு எடுப்பதற்கு முன் பழைய தடங்களை அழித்துவிட வேண்டும், அழிக்காவிட்டால் இதுவரை போன அத்தனை தடமும் சேர்ந்து வந்துவிடும். இதைப் பத்தொன்பதாம் பக்கத்தில், எச்சரிக்கை என்று கட்டம் கட்டி, எழுதியவரே அவர்தான். யாரும் படிக்காத புத்தகம் என்று முதலிலேயே சொன்னேன்; எழுதினவரும் அதில் சேர்த்தி.

திங்கட்கிழமை கூட்டத்தில் பக்கங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். 'வந்த தடம்' பக்கம் வந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்றத் தடங்களுக்கு நடுவே ஏரி எங்கோ அமுங்கிப்போயிருந்தது. ஊரின் மறுகோடிவரை ஓடும் ஒரு கோடு, இருபத்தாறு வியாழக்கிழமை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பெருவிரல் அகலத்துக்குத் தடித்து, ஒரு சின்னத் தெருவின் முனையைத் தொட்டதும் நின்று, திரும்பி வந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் நின்ற நேரம் நாற்பது நிமிடம் என்றும் இருந்தது.

மேலாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஆறு மாதமாக ஒரே இடத்துக்கே போயிருக்கிறாரே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கார் சர்வீஸ் விடும் இடம் என்று இவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இருபத்தாறு தடவையா, அப்படியானால் முதலில் காரை மாற்றுங்கள் என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். அகராதி சாரும் அசடு வழியச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபின் வெகுநேரம் அவர் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மத்தியானம் அந்த வடிவமைக்கும் பெண் அவர் மேஜைக்கு வந்தாள். முப்பதுக்குள் இருக்கும், தேவையில்லாமல் பேசாதவள். கையில் அந்தப் பக்கம் இருந்தது. கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தவள் இவள் ஒருத்திதான் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கோடு எங்கயும் போய்ச் சேரலையே."

ஏரிப் படத்தைப் போட்டுவிடச் சொன்னார் அவர்.

"ஏரிப் படம் சரிப்படாது சார். கிளம்பின இடமும் சேர்ந்த இடமும் ஒண்ணாப் போச்சு. பச்சைக் கொடி மேலயே சிவப்புக் கொடி உக்காந்துக்குது. பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது." அவள் காகிதத்தை மேஜையில் விரித்தாள். "இதுதான் நல்லா இருக்கு. ஆனா தெருமுனையிலயே நின்னுடுது. படிக்கிறவங்க மெஷின்ல கோளாறுன்னு நினைப்பாங்க. ஒண்ணு, வேற தடம் குடுங்க. இல்லைன்னா இதையே முடிச்சுக் குடுங்க. தெரு முடிய நூத்தி எண்பது மீட்டர்தான் பாக்கி. நான் அளந்து பாத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

வேறு தடம் கொடுப்பதா பெரிய காரியம்? எங்கேயாவது ஓரிடத்துக்குப் போய்விட்டு வந்தால் முடிந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து எங்கே போகலாம் என்று யோசித்தார். முடி வெட்டும் கடை கீழ்த் தளத்தில். மருத்துவர் எதிர் வரிசையில். கருவியில் 'விருப்ப இடங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அடிக்கடி போகிற வீடுகளை, பிடித்த இடங்களை அதில் சேமித்து வைக்கலாம், இருநூறு இடம்வரை கொள்ளும் என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தார். வீடு, அலுவலகம். மீதி நூற்றுத் தொண்ணூற்றெட்டும் காலி. புதன்கிழமை தம்பி வீட்டுக்குப் போகலாமா என்று ஃபோனை எடுத்தார். அவன் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தான், அது அவருக்குச் சொல்லப்படவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, இந்த ஊரில் தான் போய் நிற்க ஒரு வாசல் இல்லை என்பதை அன்றைக்குத்தான் அவர் முழுசாக ஒப்புக்கொண்டார். அழுகை வரவில்லை. பசிக்கவும் இல்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பும்போது நீலக் கம்பளிச் சட்டை பக்கத்து இருக்கையில் இருந்தது. இத்தனை நாள் இந்த வழிக்குக் கருவியில் முகவரி போட்டதே இல்லை. கார் தானாகப் போகும். இன்று முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். போய்த்தான் ஆக வேண்டும் என்று தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்கிற ஏற்பாடு அது. மணி அடிக்க வேண்டும். அவள் கதவைத் திறந்து என்ன கேட்டாலும் சரி, விளக்கம் சொல்லக் கூடாது. தப்பு என்னுதுதான் என்று இரண்டே வார்த்தை. அதை மட்டும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

தெருமுனை வந்ததும் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. செருப்புக் கடை, மரம், நிழல். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மாடியில் நீலத் திரை பாதி விலகியிருந்தது.

"நூற்று எண்பது மீட்டரில் உங்கள் இலக்கு" என்றது கருவி.

அவர் இன்ஜினை அணைக்கவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் குரல், "நேராகச் செல்லவும்" என்றது. காரை நிறுத்தினால் இப்படி நினைவூட்ட வேண்டும் என்று கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று வாதாடி அதைச் சேர்த்தவரும் இவர்தான். ஏழெட்டுத் தடவை கேட்டார். குரலை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு, அதன் மேல் விரலையும் வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, விரலை எடுத்துவிட்டு கியரைப் போட்டார்.

நூற்று எண்பது மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவருக்கு முதலில் தாங்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே இறங்கினார்.

கதவைத் திறந்தது வேறு ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது, காலில் விளையாட்டுக் காலணி. ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியை போலிருக்கிறது என்று தோன்றியது, அப்படித்தான் இருந்தது. மகளின் சிநேகிதியுடைய அம்மா யாரோ வந்திருக்கிறார் என்று அவர் மனது அவசரமாக ஒரு விளக்கம் தேடியது. தன் மகளைப் பார்க்க வந்ததாகச் சொல்ல வாயெடுத்தார். ஆசிரியை அவரைத் தாண்டிப் பின்னால் நின்ற காரைப் பார்த்தாள். வெள்ளைக் கதவில் அவள் கண் நின்றது.

"வந்துட்டீங்களா" என்றாள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். இன்னிக்குத்தான் மணி அடிக்கத் தோணுச்சா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் நிதானமாகச் சொன்னாள். அவளும் கணவரும் இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. முன்பு இருந்த அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மகளை அழைத்துக்கொண்டு காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

"சாவி குடுக்கும்போது உங்க பொண்ணு தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல தெருமுனையில ஒரு பச்சைக் கார் வந்து நிக்கும், ஒரு கதவு மட்டும் வெள்ளையா இருக்கும். பயந்துடாதீங்க, போலீஸுக்கு எல்லாம் சொல்லிடாதீங்க. அது எங்கப்பா. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுவாருன்னு."

அகராதி சார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வாசற்படியிலிருந்து செருப்புக் கடை தெரிந்தது. மரம் தெரிந்தது. மரத்தடியில், அவருடைய கார் வழக்கமாக நிற்கும் இடத்தில், எண்ணெய் சொட்டிக் கறுத்துப்போயிருந்த தரைகூடத் தெரிந்தது. மறைவு என்று அவர் நம்பிய அந்த மரம் எதையும் மறைக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இங்கே இருந்த அத்தனை வியாழக்கிழமையும், மாடியில் நின்று, அப்பா இறங்குவாரா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இதை விளக்க அவரிடம் இரண்டு வரி இல்லை.

"அந்த நீலத் திரை..." என்றார் கடைசியில்.

"அது நான் வாங்கிப் போட்டது சார்."

அவர் தலையை ஆட்டினார். பதினான்கு மாதமாக ஒரு விளையாட்டு ஆசிரியையின் திரையைப் பார்த்து, மகளுக்குச் சளி விட்டுவிட்டது, மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு, ஒரு தடவையாவது வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டார்.

ஆசிரியையும் அதற்காக ரொம்பச் சங்கடப்பட்டவளாகத்தான் தெரிந்தாள். இரண்டு தடவை பாதித் தெருவரை வந்து திரும்பியிருக்கிறாள். "அவ வாக்கு வாங்கிட்டுப் போயிருக்கா சார். அவரா வந்து மணி அடிச்சா மட்டும் இதைக் குடுங்க, இல்லைன்னா வேண்டாம்னு." சாவி மாட்டும் பலகைக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு உறையை உருவி எடுத்து, புறங்கையால் தூசியைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள்.

பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண், வேறு என்ன சொல்ல.

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுக் காருக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உறையைப் பிரித்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். முகவரி இல்லை. தெருப் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண். ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம்.

அவள் ஒன்பது வயதில் இருந்தபோது, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய கருவியை மொட்டை மாடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் இருவரும். தெருவுக்குப் பெயர் மாற்றிவிடுவார்கள், வீட்டு எண்ணை மாற்றிவிடுவார்கள், ஆனால் பூமியில் ஒரு இடத்துக்கு உரிய அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இந்த இரண்டு எண்ணை யாராலும் மாற்ற முடியாது, இது இருந்தால் உன்னை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொன்னார். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல அவள் வீட்டின் இரண்டு எண்ணையும் ஒப்பித்துக்கொண்டு திரிந்தாள். அதை அவர் மறந்துவிட்டிருந்தார்.

எண்களுக்குக் கீழே தேதி. பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அதற்கும் கீழே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய இரண்டு வரி.

'அடுத்த வாரம்னுதானே சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் நான் எங்கயும் போக மாட்டேன், வீட்டுலதான் இருப்பேன்.'

பதினான்கு மாதம் என்றால் அறுபது வியாழக்கிழமை. அறுபது வியாழக்கிழமை அவர் இங்கே மரத்தடியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் வேறு ஓர் ஊரில், எங்கேயும் போகாமல், வீட்டில் இருந்திருக்கிறாள். அகராதி சார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். தோள் குலுங்க, சத்தம் வர அழுதார். மாடியில் நீலத் திரை மெல்ல இழுத்து மூடப்பட்டது. அந்த ஆசிரியைக்கு நல்ல மனது.

பிறகு கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு எண்ணையும் கருவியில் தட்டினார். ஓர் இலக்கம் தப்பாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். திரையில் வரைபடம் ஓடி ஓடிப் போய் ஒரு வெற்றிடத்தில் நின்றது. புதிதாகக் கட்டிய குடியிருப்பாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய ஊரிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவர், தன் கருவியில் அதைச் செய்யவில்லை. 'வரைபடத்தில் சாலை இல்லாத இடம். தொடரவா?' என்று கேட்டது கருவி. கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை.

ஆம் என்பதை அழுத்தினார்.

நூற்று முப்பத்தொரு கிலோமீட்டர் என்றது. சென்றடையும் நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. கருவியின் கணிப்புதான், வாக்குறுதி அல்ல. அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா என்பது கருவிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் ஆறு ஐம்பத்திரண்டுக்கும் வியாழக்கிழமைதான். அவர் காரைத் திருப்பினார்.